கூட்டுறவுப் பாடம்: செயற்கை நுண்ணறிவுடன் பேச்சு ஒத்திகை

ஒரு கூட்டுறவுச் சங்கம் நலிவதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூலதனம் போதவில்லை என்பர் சிலர். சரக்குத் தேங்கிவிட்டது என்பர் சிலர். கணக்கு ஒழுங்காக இல்லை என்பர் வேறு சிலர். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னரே பல சங்கங்களில் வேறொரு குறை தலைகாட்டிவிடுகிறது. நிர்வாகிகளும் அங்கத்தினர்களும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது நின்றுபோகிறது என்பதே அக்குறை. கூலி ஏன் தாமதமாயிற்று என்று கேட்க அங்கத்தினருக்குத் தயக்கம். இன்ன காரணத்தால் தாமதமாயிற்று என்று எடுத்துச் சொல்லத் தலைவருக்குக் கூச்சம். இருவருடைய மௌனத்திலும் வதந்தி பிறக்கிறது. வதந்தியிலிருந்து பிளவு பிறக்கிறது. நல்ல நெசவாளர் ஒருவர் சங்கத்தை விட்டுத் தனியார் முதலாளியிடம் பாவு வாங்கப் போன பிறகே, முன்பே அவரை அழைத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது.

பேசத் தெரிவது பிறவிக் குணம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாவன்மை உள்ளவர் மேடை ஏறட்டும், இல்லாதவர் கீழே அமர்ந்து கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். தறியில் உட்கார்ந்த முதல் நாளே எவரும் சேலை நெய்துவிடுவதில்லை. தார் சுற்றுவதில் தொடங்கி, அறுந்த இழையை முடிவது, நாடாவை ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பழகிய பின்னரே கை படிகிறது. பேச்சும் அத்தகையதே. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. பழகும்போது இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். பேசிப் பழகும்போது ஒருவர் மனம் புண்பட்டால் அதை எளிதில் முடிய இயலாது. ஆகையால் பேச்சுக்கு ஒத்திகை வேண்டும். அந்த ஒத்திகைக்கு இந்நாளில் செயற்கை நுண்ணறிவு என்னும் கணினிச் சாதனம் பயன்பட்டு வருகிறது. அதை நம் சங்கங்கள் எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளலாம், எந்த இடத்தில் அதை நம்பக் கூடாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஒத்திகை புதியதன்று

ஆபத்தான வேலையை ஆபத்தில்லாத இடத்தில் பழகிக்கொள்வது பழைய வழக்கமே. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டில் தரையை விட்டுக் கிளம்பாத ஒரு பயிற்சி விமானத்தை அமைத்தார். அவருடைய குடும்பத்தார் ஆர்கன் என்னும் இசைக் கருவியைச் செய்பவர்கள். அக்கருவிக்குரிய துருத்திகளைக் கொண்டே அவர் தம் விமானத்தைச் சாயவும் நிமிரவும் செய்தார். அதில் அமர்ந்த மாணவர் தவறு செய்தால் உயிர்ச் சேதம் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் திருத்துவார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பல்லாயிரம் விமானிகள் இத்தகைய கூண்டுகளில் பழகிய பின்னரே வானில் ஏறினர்.

இதே வழியை மனிதரோடு பேசும் வேலைக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர். 1963-ஆம் ஆண்டில் அவர் கலிபோர்னியாவில், நோயாளியைப் போல நடிக்கப் பழக்கப்பட்ட ஒருவரை மருத்துவ மாணவர்களின் முன் அமர்த்தி, அவரை விசாரித்துப் பரிசோதிக்கச் செய்தார். இன்று உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் இம்முறை வழக்கத்தில் இருக்கிறது.

கூட்டுறவு இயக்கமும் இதில் பின்தங்கவில்லை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1978-ஆம் ஆண்டில் 'மேட்காம்' என்ற பெயரில், கூட்டுறவு நிர்வாகப் பயிற்சிக்கான பாடங்களைத் தயாரிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. வெறும் சொற்பொழிவோடு நில்லாமல், நடைமுறைச் சிக்கல்களை ஆராய்தலும் வேடமேற்று நடித்தலும் அப்பாடங்களில் இடம்பெற்றன. ஒருவர் தலைவராகவும், மற்றொருவர் குறை சொல்லும் அங்கத்தினராகவும் நடிப்பர். மற்றவர்கள் கவனித்துக் கருத்துரைப்பர். முறை நல்லதே. ஆனால் அதற்குப் பயிற்சி முகாம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், நாலைந்து நாள் ஓய்வு வேண்டும். தறியையும் வயலையும் விட்டு வரமுடியாத அங்கத்தினருக்கு அது எட்டுவதில்லை. இந்தக் குறையை ஒரு கைப்பேசியால் ஓரளவு நிவர்த்தி செய்யலாம் என்பதே இன்றைய நிலை.

2. இச்சாதனம் எவ்வாறு பேசுகிறது?

பயன்படுத்துவதற்கு முன் பொருளின் இயல்பை அறிதல் நன்று. கணினியோடு மனிதர் உரையாடுவது நேற்றுத் தோன்றியதன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் 1966-ஆம் ஆண்டில் 'எலிஸா' என்ற கணினி நிரலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவர் எழுதும் வாக்கியத்தைச் சிறிது மாற்றி, கேள்வியாக்கித் திருப்பிக் கேட்பதே பெரும்பாலும் அதன் வேலை. இவ்வளவு எளிய நிரலாயிருந்தும், அதனுடன் பேசியவர்கள் அது தங்களைப் புரிந்துகொள்வதாக எண்ணலாயினர். இதைக் கண்டு கலக்கமுற்றவர் அதைச் செய்த வைசன்பாமே. கணினியிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்பதைப் பற்றி 1976-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலே எழுதினார்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'சாட்ஜிபிடி' வெளியானது முதல் இத்தகைய சாதனங்கள் பொதுமக்கள் கைக்கு வந்தன. இவை எலிஸாவைவிடப் பன்மடங்கு வல்லவை. மனிதர் எழுதிய ஏராளமான எழுத்தைக் கொண்டு பழக்கப்பட்டவை. முன்னே உள்ள சொற்களைக் கொண்டு, அடுத்து வரத் தகுந்த சொல் எது என்று கணித்துக் கணித்தே பதிலைத் தொடுக்கின்றன. தமிழிலும் பதில் சொல்லும்; எழுதத் தெரியாதவர் வாயால் பேசினாலும் கேட்டு மறுமொழி கூறும் வசதி உடையவையும் உண்டு. "நீ இன்னாராக இரு" என்று சொன்னால் அவ்வாறே வேடமேற்கும். கோபக்கார வியாபாரியாகவும், வாய் திறவாத அங்கத்தினராகவும், சாக்குச் சொல்லும் குமாஸ்தாவாகவும் அதனால் பேச இயலும். ஆனால் கோபத்தையும் கூலிக் கஷ்டத்தையும் அது நம்மைப்போல அனுபவித்துப் பேசுவதாகக் கொள்ளுதல் தவறு. இதை மறவாமல் இருந்தால், நாம் அதைச் சரியான அளவில் பயன்படுத்துவோம்.

3. ஒரு சந்தர்ப்பம்

எல்லா நெசவாளர் சங்கங்களிலும் நேரக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். அனுபவம் மிக்க நெசவாளர் ஒருவர் கொண்டுவந்த சேலையில் ஊடை நெருக்கம் குறைவாக இருக்கிறது. தரப் பரிசோதனையில் குறை காணப்பட்டுக் கூலியில் பிடித்தம் செய்யப்படுகிறது. அவர் தலைவரைப் பார்க்க வருகிறார். உரையாடல் இவ்வாறு நடைபெறக்கூடும்:

தலைவர்: சேலையில் ஊடை நெருக்கம் போதவில்லை. விதிப்படி பிடித்தம் செய்திருக்கிறோம்.

நெசவாளர்: முப்பது வருஷமாக நெய்கிறேன், தலைவரே. இதுவரை என் சேலை திரும்பியதில்லை.

தலைவர்: அதற்கு நான் என்ன செய்வது? எல்லோருக்கும் ஒரே விதிதான்.

நெசவாளர்: சரி, உங்கள் இஷ்டம்.

தலைவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, விதியும் சரியே. கூச்சல் இல்லாமல் விஷயம் முடிந்துவிட்டது என்றுகூட அவர் திருப்தியடையலாம். ஆனால் "சரி, உங்கள் இஷ்டம்" என்ற சொல்லோடு அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இருந்த பிணைப்பு ஓர் இழை அறுந்துவிட்டது. அதே உரையாடல் வேறு விதமாகவும் நடைபெறலாம்:

தலைவர்: உட்காருங்கள், ஐயா. உங்கள் கையில் நெருக்கம் குறைந்து வந்தது இதுவே முதல் தடவை. தறியில் ஏதேனும் சிரமமா?

நெசவாளர்: தறியில் ஒன்றுமில்லை. நூலைக் கேளுங்கள்.

தலைவர்: நூலில் என்ன கண்டீர்கள்?

நெசவாளர்: இந்தத் தடவை வந்த நூல் அடிக்கடி அறுகிறது. அழுத்தித் தட்டினால் பாவு தாங்கவில்லை. அதனால்தான் நெருக்கம் குறைந்தது.

தலைவர்: மற்றவர்களுக்கும் இப்படித்தானா?

நெசவாளர்: எங்கள் தெருவில் நாலு தறியிலும் இதே கதைதான். யார் வந்து கேட்டார்கள்?

தலைவர்: நான் கேட்டிருக்க வேண்டும். மீதி நூலில் ஒரு சிட்டம் கொண்டுவந்து கொடுங்கள், பரிசோதிக்கச் சொல்கிறேன். பிடித்தத்தை நீக்க எனக்கு மட்டும் அதிகாரம் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவில் வைத்து, முடிவு எதுவாயினும் அன்று மாலையே உங்களுக்குச் சொல்கிறேன்.

இரண்டாவது தலைவர் பிடித்தத்தை நீக்கிவிடவில்லை. தம்மால் இயலாததைச் செய்வதாக வாக்களிக்கவும் இல்லை. ஆயினும் முதல் தலைவர் அறியாத ஒன்றை அவர் அறிந்துகொண்டார். குறை நெசவாளரின் கையில் இல்லாமல், சங்கம் வாங்கிய நூலில் இருக்கலாம் என்பதே அது. நூல் வாங்கியதைப் பற்றி ஆராயாமல் பிடித்தம் செய்துகொண்டே போயிருந்தால், நாலு தறியும் சங்கத்தை விட்டுப் போயிருக்கும்; கெட்ட நூல் மட்டும் அடுத்த மாதமும் வந்துகொண்டிருக்கும்.

இவ்விரண்டு உரையாடல்களுக்கும் உள்ள வேற்றுமை நாவன்மையில் இல்லை. இரண்டாவது தலைவர் மூன்று கேள்விகள் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். தலைமைக்குரிய பேச்சில் பெரும்பகுதி கேட்டலே. ஒத்திகையில் நாம் பழக வேண்டியதும் இதுவே.

4. ஒத்திகை நடத்தும் முறை

முதற்படி, எந்த உரையாடலைப் பழகப்போகிறோம் என்பதைத் தீர்மானித்தல். "நன்றாகப் பேசக் கற்றுக்கொடு" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான உபதேசமே கிடைக்கும். யாரோடு, எதைப் பற்றி, எந்த நிலையில் பேசப்போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கடன் தவணை தவறிய விவசாயியோடு பேசுதல், கூலி தாமதத்தை மகாசபையில் விளக்குதல், நேரத்துக்கு வராத ஊழியரைக் கண்டித்தல் என்றவாறு ஒன்று போதும்.

இரண்டாவது படி, வேடத்தை விவரித்தல். மேற்கூறிய சந்தர்ப்பத்துக்கு இயந்திரத்திடம் நாம் சொல்லக்கூடியது இவ்வாறு இருக்கலாம்:

"நீ ஐம்பத்தைந்து வயதான கைத்தறி நெசவாளர். முப்பது ஆண்டுகளாக எங்கள் சங்கத்தில் அங்கத்தினர். இம்மாதம் உன் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டிருக்கிறது. உனக்கு வருத்தம், ஆனால் சத்தம் போடமாட்டாய், சுருக்கமாகவே பதில் சொல்வாய். உண்மையான காரணம் சங்கம் கொடுத்த நூல் அடிக்கடி அறுவதுதான். அதை நீயாகச் சொல்லாதே. நான் மரியாதையாகவும் நிதானமாகவும் கேட்டால் மட்டும் சொல். நான் விதியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், 'சரி, உங்கள் இஷ்டம்' என்று சொல்லி உரையாடலை முடித்துவிடு. என்னைப் புகழாதே. எளிதில் சமாதானமடையாதே. நான் 'ஒத்திகை முடிந்தது' என்று சொல்லும்வரை வேடத்தை விட்டு விலகாதே."

இதில் கவனிக்கத் தக்கது, எதிரில் உள்ளவர் மனத்தில் மறைந்திருக்கும் ஒரு செய்தியை நாம் வைக்கிறோம் என்பது. உண்மை வாழ்க்கையிலும் குறையோடு வருபவர் எவரும் முதல் வார்த்தையிலேயே முழுவதையும் சொல்லிவிடுவதில்லை. ஒத்திகையில் பேசப்போகிறவர் இந்தக் குறிப்பைத் தாமே எழுதாமல், நண்பர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்தல் இன்னும் சிறந்தது. அப்போது மறைந்திருப்பது யாது என்பதை அவரும் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கும்.

மூன்றாவது படி, உரையாடுதல். பத்து நிமிஷம் போதும். கூடுமானவரை வாயால் பேசியே பழக வேண்டும். எழுதிப் பழகியவர் எழுதத்தான் வல்லவராவார். நம் ஊரில் வழங்கும் பேச்சிலேயே பேசலாம். மேடைத் தமிழ் வேண்டியதில்லை.

நான்காவது படி, வேடம் மாறுதல். இம்முறை நாம் நெசவாளர், இயந்திரம் தலைவர். விதியை மட்டும் பேசும் தலைவராக அதை இருக்கச் சொல்லி, அதன் எதிரில் குறையைச் சொல்லிப் பார்க்க வேண்டும். "எல்லோருக்கும் ஒரே விதிதான்" என்ற வாக்கியம், சொல்லும்போது ஒருவிதமாகவும் கேட்கும்போது வேறுவிதமாகவும் இருப்பதை அப்போது உணர்வோம். நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் இந்தப் படியை விட்டுவிடலாகாது.

ஐந்தாவது படி, பரிசீலனை. "எப்படிப் பேசினேன்?" என்று இயந்திரத்தைக் கேட்டால் பாராட்டே பெரும்பாலும் வரும், அதனால் பயனில்லை. எண்ணிப் பார்க்கக்கூடியவற்றைக் கேட்க வேண்டும். நான் எத்தனை கேள்வி கேட்டேன்? அவற்றுள் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடியவை எத்தனை? அவர் சொன்ன எந்தச் செய்தியை நான் கவனியாமல் விட்டேன்? என்னால் செய்ய இயலாத எதையேனும் வாக்களித்துவிட்டேனா? இயந்திரம் எண்ணிச் சொல்வதும் சில சமயம் தவறும். ஆகையால் உரையாடலை மீண்டும் ஒருமுறை நாமே பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது படி, மனிதரோடு ஒத்திகை. இயந்திரத்துடன் இரண்டு மூன்று முறை பழகிய பின், நம் குழுவில் உள்ள ஒருவரை எதிரில் அமர்த்தி அதே உரையாடலை நடத்த வேண்டும். இந்தப் படி இல்லாவிட்டால் முன் ஐந்தும் அரைகுறையே. காரணத்தை அடுத்த பகுதியில் காண்போம்.

5. இயந்திரத்தின் குறைகள்

முதற்குறை, அது நம்மை எளிதில் ஆமோதித்துவிடும். பயன்படுத்துகிறவரைத் திருப்திப்படுத்தும் போக்கு இத்தகைய சாதனங்களில் காணப்படுகிறது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சாட்ஜிபிடியில் செய்யப்பட்ட ஒரு மாற்றம், எதைச் சொன்னாலும் அளவுக்கு மீறிப் புகழ்ந்து ஒத்துப்பேசுவதாக அமைந்துவிட்டது. சில நாட்களுக்குள்ளேயே அதை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. இக்குணம் ஒத்திகைக்கு விரோதமானது. நாம் இரண்டு இனிய சொல் சொன்னவுடன் இயந்திர நெசவாளர் "நீங்கள் சொல்வது நியாயம், தலைவரே" என்று இளகிவிட்டால், உண்மையான நெசவாளரும் அவ்வாறே இளகுவார் என்று நாம் நம்பிவிடுவோம். அவர் இளகாதபோது குற்றம் அவருடையது என்றும் எண்ணத் தொடங்குவோம். ஒத்திகையில் எளிதாக வெற்றி கிடைத்தால், வேடத்தை இன்னும் கடினமாக்கி மறுபடி தொடங்க வேண்டும்.

இரண்டாவது குறை, தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லிவிடும். விதிகளைப் பற்றி அதனிடம் கேட்டு முடிவு செய்தல் ஆகாது. எடுத்துக்காட்டாக, நெல் கொள்முதலில் ஈரப்பதம் பற்றிய தகராறை ஒத்திகை செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அரசுக் கொள்முதலில் வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. மழையால் பாதிக்கப்பட்ட சில பருவங்களில் அதைத் தளர்த்தி ஆணை பிறப்பிக்கப்பட்டதும் உண்டு. இயந்திரம் பழைய எண்ணையோ பொருந்தாத எண்ணையோ உறுதியான குரலில் சொல்லலாம். அந்தப் பருவத்தின் ஆணை, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், நம் சங்கத்தின் துணைவிதிகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

மூன்றாவது குறை, அதனிடம் சொல்லும் செய்தி நம் சங்கத்தின் சுவர்களுக்குள் நிற்பதில்லை. வேறெங்கோ உள்ள நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. ஆகையால் எந்த அங்கத்தினருடைய பெயரையும், கடன் கணக்கையும், ஆதார் எண்ணையும், குடும்ப விஷயத்தையும் அதில் சொல்லலாகாது. "ஓர் அங்கத்தினர்", "ஒரு விவசாயி" என்ற அளவு ஒத்திகைக்குப் போதும். தவணை தவறியவர் இன்னார் என்பதை டீக்கடையில் சொல்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதிலும் உண்டு.

நான்காவது குறை யாவற்றினும் பெரிது. இயந்திரம் பேசுகிறது, ஆனால் நம் ஊரில் வாழவில்லை. நம் அங்கத்தினர்கள் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதன் மூலமே அதிகம் சொல்கிறார்கள். தலையைக் குனிந்துகொள்வது, வெற்றிலைப் பையைத் தேடுவது, "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்திருப்பது ஆகியவற்றின் பொருள் இயந்திரத்துக்கு எட்டாது. அதனுடன் தவறாகப் பேசிவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். உண்மையான நெசவாளரோ நாளைக்கும் அதே தெருவில் இருப்பார்; கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும் எதிரே வருவார். சொன்ன சொல்லை அழிக்க முடியாது என்ற உணர்வோடு பேசுவதற்கு மனிதரோடு பழகுவதே வழி. ஆறாவது படியை நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

6. அங்கத்தினருக்கும் உரியது இப்பயிற்சி

தலைமைப் பயிற்சி என்றவுடன் அது நிர்வாகிகளுக்கு மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. வியாபார நிறுவனங்களில் மேலதிகாரிகளுக்கே இப்பயிற்சி முதலில் அளிக்கப்படலாம். கூட்டுறவில் நிலை வேறு. பங்கு எவ்வளவாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது நம் அடிப்படை. தலைவர்கள் மட்டும் நன்றாகப் பேசப் பழகி, அங்கத்தினர்கள் வாய் மூடியிருந்தால், சங்கத்தில் சாமர்த்தியம் வளருமேயன்றி ஜனநாயகம் வளராது. பிறரைத் தம் வழிக்குக் கொண்டுவரும் சொற்களை மட்டும் இயந்திரத்திடம் தேடுகிற நிர்வாகி, இச்சாதனத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர் ஆவார்.

மகாசபையில் கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்க நினைத்ததைக் கேட்காமலே வீடு திரும்பும் அங்கத்தினர் பலர். பெண் அங்கத்தினருள் இத்தகையோர் இன்னும் அதிகம். இவர்களுக்கே ஒத்திகை முதலில் தேவை. ஆண்டறிக்கையில் 'இதரச் செலவு' என்று ஒரு பெருந்தொகை இருக்கிறது என்று கொள்வோம். அதைப் பற்றிக் கேட்க விரும்பும் ஒரு பெண் அங்கத்தினர், சாக்குச் சொல்லும் தலைவராக இயந்திரத்தை நடிக்கச் சொல்லலாம்.

"தலைவரே, இதரச் செலவில் அடங்கியவை எவை?" என்று அவர் கேட்கிறார். "அதெல்லாம் தணிக்கையாளர் பார்த்துவிட்டார், அம்மா, உட்காருங்கள்" என்கிறது இயந்திரம். முதல் ஒத்திகையில் அவர் இங்கே நின்றுவிடக்கூடும். இரண்டாவது ஒத்திகையில், "தணிக்கையாளர் பார்த்தது சரி. அங்கத்தினர்களாகிய நாங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். விவரத்தைப் படிக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லப் பழகுகிறார். குரலை உயர்த்தவில்லை, யாரையும் குற்றஞ்சாட்டவில்லை, ஆனால் கேள்வியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும் துணிவே சங்கத்தின் காவல்.

எடை போடும் இடத்தில் நியாயம் கேட்க விரும்பும் விவசாயியும், நூல் கொடுப்பதில் பாரபட்சம் காண்கிற நெசவாளரும் இவ்வாறே பழகலாம்.

7. சங்கத்தில் தொடங்குவது எப்படி?

பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட ஒரு படிப்பு வட்டம், ஒரு கைப்பேசி, வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். நிர்வாகிகள் இருவர், அங்கத்தினர் நால்வர் என்று கலந்திருப்பது நல்லது. அவர்களுள் பெண்களும் இளைஞர்களும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் பேசுவார். ஒருவர் இயந்திரத்துக்குரிய குறிப்பை எழுதுவார். மற்றவர்கள் வாய் திறவாமல் கவனித்துக் குறித்துக்கொள்வர். இயந்திரத்துடன் பத்து நிமிஷம். பிறகு வட்டத்தில் உள்ள ஒருவருடன் பத்து நிமிஷம். எஞ்சிய நேரம் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பற்றிய விவாதம். பேசியவரைப் பரிகசித்தல் ஆகாது. அங்கே கேட்ட விஷயத்தை வெளியே சொல்லுவதும் ஆகாது.

இதற்கு நேரமும் சிறு பொருளும் செலவிடுவது வீண் என்று சிலர் சொல்லக்கூடும். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அந்த எளிய கடை, பின்னர்த் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினர் கல்விக்கென ஒதுக்கியது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவல் அளித்தலுமே. அங்கத்தினருக்கும், தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கும், ஊழியருக்கும் பயிற்சி வேண்டும் என்று அது கூறுகிறது.

பயிற்சி பலித்ததா என்பதை இயந்திரம் தரும் பாராட்டைக் கொண்டு அளவிட வேண்டாம். சங்கத்தைக் கொண்டே அளவிடுவோம். குறைகள் முற்றிப்போகுமுன் அலுவலகத்துக்கு வருகின்றனவா? "நாளைக்குச் சொல்கிறேன்" என்றவர் நாளைக்குச் சொல்கிறாரா? மகாசபையில் சென்ற ஆண்டு பேசாதவர் எவரேனும் இவ்வாண்டு எழுந்து பேசினாரா? நூல் கெட்டுப்போனால், அதை நெசவாளர் வாயிலிருந்து முதல் வாரத்திலேயே அறிகிறோமா? இவற்றுக்கு ஆம் என்று பதில் சொல்ல முடியுமானால், கழிந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் பேசப்படாமலே இருந்துவரும் விஷயம் எது? அதைப் பேச வேண்டியவர் யார்?

2. மேலே தந்த முதல் உரையாடலில் தலைவர் எந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்?

3. கடன் தவணை தவறிய விவசாயியின் வேடத்துக்குரிய குறிப்பை எழுதுக. அவர் முதலில் சொல்லாமல் மறைப்பது யாது?

4. ஒத்திகையில் இயந்திரம் எளிதில் ஒத்துக்கொண்டுவிட்டால் செய்ய வேண்டியது என்ன?

5. வரும் மகாசபையில் கேட்பதற்கென ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்க. அதை இருமுறை ஒத்திகை செய்து வருக.